கோர்பனின் வக்கீல்

அதியமான்கோட்டையிலிருந்து தருமபுரி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எத்தனை பேக்கரி இருக்கிறதோ அத்தனை பேக்கரியோடும் அவருக்குப் பகை. பகை என்றால் வாய்ச்சண்டை கிடையாது. சத்தமே போடமாட்டார். கோவித்துக்கொள்வார், அவ்வளவுதான். ஒரு பேக்கரியில் இவருக்குப் பின்னால் வந்தவனுக்கு முதலில் டீ கொடுத்துவிட்டார்கள். இன்னொன்றில், என்ன வேண்டும் என்று கேட்டவன் இவர் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை, செல்போனைப் பார்த்துக் கேட்டான். வேறொன்றில் வடை தீர்ந்துபோயிருந்தது. வடை தீர்ந்ததற்கு யார் மேல் கோவித்துக்கொள்வது? இவர் கோவித்துக்கொண்டார். "நான் வருவேன்னு தெரியும் இல்ல?" என்றார்.

கடைசியில் டீ குடிக்க இடம் இல்லாமல் வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் கொண்டுவர ஆரம்பித்தார். அந்தப் பிளாஸ்க்கை வைத்துக் குடிக்க ஒரு மேஜை வேண்டியிருந்தது. அப்படித்தான் என் கடைக்குள் வந்தார்.

என் கடை அதியமான்கோட்டையில், நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது. ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், பாஸ்போர்ட் போட்டோ. பின்னறையில் சில கம்ப்யூட்டர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஈ, காக்கை வராது. அந்த நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நானும், தருமபுரியில் மெத்தைக் கடை வைத்திருக்கும் சலீமும் விளையாடுவோம். பொம்பளைக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்கிறவர்கள் இதோடு படிப்பதை நிறுத்திவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கலாம்.

விளையாட்டின் பெயரைச் சொன்னால் அந்தக் கம்பெனிக்கு இலவச விளம்பரம். சொல்லமாட்டேன். அதில் வருகிற உலகத்துக்குப் பெயர் வார்க்கெல். வாள், மந்திரம், டிராகன், பனிமலை எல்லாம் உண்டு. ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு அந்த உலகத்தில் சுற்றலாம். சண்டை போடலாம், சமைக்கலாம், வீடு கட்டிக் குடியிருக்கலாம். அந்த உலகத்துக்கு ஆயிரம் வருடச் சரித்திரம் எழுதிவைத்திருக்கிறான் கம்பெனிக்காரன், அதற்கு லோர் என்று பெயர். பாதியைச் சொல்லிவிட்டுப் பாதியை ஒளித்துவைத்திருக்கிறான். ஒளித்துவைத்த பாதிக்காக உலகம் பூராவும் வேலைவெட்டி இல்லாதவர்கள் இன்டர்நெட்டில் அடித்துக்கொள்கிறார்கள். தமிழில் அடித்துக்கொள்வதற்கும் ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. நானும் அதில் இருந்தேன். எனக்கும் வேலைவெட்டி இல்லை.

அவர் முதல் ஞாயிறு டீ குடித்துக்கொண்டே எங்கள் திரையை எட்டிப் பார்த்தார். அடுத்த ஞாயிறு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அதற்கடுத்த ஞாயிறு வார்க்கெலில் அவருக்கு ஒரு வேஷம் இருந்தது, வடக்குப் பனிமலை அடிவாரத்தில் ஒரு வீடு இருந்தது, வாசலில் இரண்டு தலை நாய் ஒன்று கட்டியிருந்தது. சொட்டுநீர்க் குழாய் விற்கிற கம்பெனியில் வேலை. அரூர், இண்டூர் என்று பைக்கில் அலைகிற மனிதர். காதோரம் நரைத்துவிட்டது. அவரைப் பார்த்தால் யாரும் இரண்டு தலை நாயோடு சேர்த்து நினைக்கமாட்டார்கள்.

குழுவில் அப்போது ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த சண்டை ஒன்று உண்டு. கதை இவ்வளவுதான். ஆல்ட்ரன் என்று ஒரு சின்னப் பையன் ராஜா. அவன் அம்மா ராணி இல்வீன். இல்வீனுக்கு ஓர் அண்ணன், தளபதி கோர்பன். மகா வீரன். ஆல்ட்ரனுக்கு முடிசூட்டிய அன்றைக்கே இந்தக் கோர்பன் கோட்டையின் வடக்கு வாசலை எதிரிக்குத் திறந்துவிட்டுவிட்டான். ராஜ்ஜியமே போயிற்று. ஏன் திறந்தான் என்று விளையாட்டில் எங்கேயும் சொல்லவில்லை. பேய் பிடித்தது என்று ஒரு கட்சி. சாபமிட்ட மோதிரம் என்று ஒரு கட்சி. பட்டப்படிப்பு படித்தவர்கள், குழந்தை குட்டி உள்ளவர்கள், மோதிரக் கட்சி, பேய்க் கட்சி என்று பிரிந்து ஒருவரை ஒருவர் முட்டாள் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றினார்.

"இதுல யோசிக்க என்னாம்மா இருக்குது? கோர்பன் யாரு? ராணிக்கு அண்ணன். அப்போ பையனுக்கு என்ன வேணும்?"

"தாய்மாமன்," என்றான் சலீம்.

"பையனுக்கு முடி வெச்சது யாரு?"

"பூசாரி."

"மாமன் எங்க நின்னான்?"

வார்க்கெலில் இடிந்துபோன அரண்மனை ஒன்று இருக்கிறது. அதன் சுவரில் முடிசூட்டு விழா ஓவியம். அவர் எங்களை அங்கே கூட்டிப்போய் ஓவியத்தைப் பெரிதாக்கச் சொன்னார். மூன்றாவது வரிசையில், தூணுக்குப் பின்னால், பாதித் தாடி மட்டும் தெரிகிற மாதிரி கோர்பன் நின்றான்.

"பாத்தியா! தாய்மாமன் குத்துக்கல்லாட்டம் உசுரோட நிக்கறான், எவனோ ஒரு பூசாரி முடி வெக்கறான். கழுத்துல ஒரு மாலை உண்டா? தோள்ல ஒரு துண்டு உண்டா? தூணுக்குப் பின்னால நிறுத்தியிருக்கறாங்க. நானா இருந்தா வடக்கு வாசல் மட்டுமா தெறப்பேன்? நாலு வாசலையும் தெறந்துவுட்டுட்டு சாவியக் கெணத்துல போட்டுட்டுப் போயிருப்பேன்."

"ணா, அவங்க ஊர்ல அந்த மொறையே கெடையாதுணா. வெள்ளக்காரன் எழுதின கதைணா இது," என்றான் சலீம்.

"ஏன், வெள்ளக்காரனுக்கு அம்மா கெடையாதா? அம்மாளுக்கு அண்ணன் கெடையாதா?"

சலீம் என்னைப் பார்த்தான். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஏனென்றால், அதுவரைக்கும் கேட்ட எல்லாக் காரணங்களையும்விட அதுதான் நம்பும்படி இருந்தது.

அவர் அதைக் குரல்பதிவாகக் குழுவில் போட்டார். இடையில் இருமல், லாரி ஹாரன், "சக்கரை கம்மி" என்று எனக்குச் சொன்னது எல்லாம் சேர்த்து. இரண்டு கட்சியும் ஆடிப்போயிற்று. சென்னையிலிருந்து ஒரு பையன், "ப்ரோ, லோர் படி கோர்பன் மைண்ட் கண்ட்ரோல்ல இருந்தான் ப்ரோ" என்று எழுதினான்.

அவர் அதை இரண்டு தடவை படித்தார். "நான் எந்த வழியில இவனுக்கு ப்ரோ?" என்று என்னைக் கேட்டார். குழுவைவிட்டு வெளியேறினார். குழுவை நடத்திய கோயம்புத்தூர் பேராசிரியர் அவரை மறுபடி சேர்த்தார். மறுபடி வெளியேறினார்.

"வெளிய போனவன பட்டன அமுக்கி உள்ள இழுக்கறதுக்கு நான் என்ன தண்ணி மோட்டாரா? போன் பண்ணிக் கூப்புடணும்."

பேராசிரியர் போன் பண்ணிக் கூப்பிட்டார். வந்தார். பிறகு அது வழக்கமாகிவிட்டது. அவர் போவதும், பேராசிரியர் கூப்பிடுவதும். கடைசியில் குழுவின் விதிமுறைகளில், ஆபாசப் படங்கள் கூடாது என்பதற்குக் கீழே, "தருமபுரி அண்ணனை யாரும் ப்ரோ என்று அழைக்கக் கூடாது" என்று சேர்த்தார்கள்.

வார்க்கெலின் ஆயிரம் வருடத்தையும் அவர் இப்படித்தான் படித்தார். எந்தப் போர் எப்போது நடந்தது என்று கேட்டால் தெரியாது. எந்த விருந்துக்கு எந்த ராஜாவைக் கூப்பிடவில்லை என்று கேட்டால் நாக்கு நுனியில் இருக்கும். நீளக்காது எல்ஃபுகளுக்கும் குள்ளர்களுக்கும் ஏன் ஆகாது? குள்ளராஜா பெண்ணின் கல்யாணத்தில் எல்ஃபுகளுக்கு இரண்டாம் பந்தியில் இலை போட்டார்கள். இது விளையாட்டில் எங்கே இருக்கிறது என்று கேட்டால், "இருக்கணும். இல்லைன்னா இவ்ளோ பகை வராது" என்பார்.

"சரித்திரம்னா என்னாம்மா? எவன் எவனக் கூப்புடாம வுட்டான்ங்கறதுதான். மத்ததெல்லாம் அதுக்கப்புறம் நடந்த சண்ட."

விளையாடும்போது அவரோடு கூட்டுச் சேர்வதைப்போல் நாசம் வேறில்லை. எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் வாசலில் நின்று பூட்ஸைக் கழற்றுவார். திரையில் தன் பைக்குள் போய், பொருள்களில் பூட்ஸைத் தேடி, கழற்றிவைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். அந்த பூட்ஸ்தான் குளிர் தாக்காமல் உயிரைக் காப்பது. பனிராட்சசனின் குகை வாசலிலும் கழற்றினார். நாங்கள் உள்ளே வாளை ஓங்கிக்கொண்டு நிற்கிறோம். இவர் வெறுங்காலோடு வந்து குளிரில் விறைத்துச் செத்துவிழுந்தார். ராட்சசன் மிச்சமிருந்த எங்கள் இரண்டு பேரையும் அடித்துக் கொன்றான்.

"அறிவு இருக்குதாணா உங்களுக்கு?" என்று கத்தினேன். "அது எதிரியோட கொக!"

"எதிரின்னாலும் அவன் குடியிருக்கற எடம். வூடு வூடுதாம்மா."

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, அவருடைய தங்கச்சி கடைக்கு வரும் வரைக்கும்.

தங்கச்சி வாழ்க்கைப்பட்டது இண்டூரில். புருஷன் விவசாயம், சொந்த டிராக்டர். அவர்கள் புது வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது மாப்பிள்ளை இவரைப் போனில் கூப்பிட்டார். வீடு தேடி வந்து கூப்பிடவில்லை. தங்கச்சி முகத்துக்காக இவர் போனார். அங்கே தாம்பூலத் தட்டை மாப்பிள்ளை முதலில் தன் சொந்த அண்ணனுக்குக் கொடுத்தார். இவருக்கு இரண்டாவது. இவர் பந்தியில் உட்கார்ந்து, இலையில் சோறு விழுந்த பிறகு, கையை வைக்காமல் எழுந்து வந்துவிட்டார். போட்ட இலையை விட்டு எழுந்தவர் வீட்டு வாசப்படியை இனி மிதிக்கமாட்டேன் என்று மாப்பிள்ளை சபையில் சொன்னார். வாசலுக்கு வந்து முறையாகக் கூப்பிடாமல் இனி எதற்கும் வரமாட்டேன் என்று இவர் சொன்னார். அவர் வரமாட்டார், வராமல் இவர் போகமாட்டார். பூட்டிச் சாவியை இரண்டு பேரும் விழுங்கிவிட்டார்கள்.

இதில் மாட்டிக்கொண்டது மாப்பிள்ளையின் பெண்குழந்தை. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்தவேண்டும். மாமன் வரவில்லை. வருகிற தையில் பார்க்கலாம், வருகிற ஆவணியில் பார்க்கலாம் என்று தள்ளித் தள்ளி, குழந்தை பள்ளிக்கூடம் போகிற வயதுக்கு வந்துவிட்டது. காதில் ஓட்டை இல்லை. ஒட்டுகிற கம்மல் வாங்கி ஒட்டிவிடுவார்கள். அது தினமும் சோற்றில் விழும். இவருடைய மனைவி ரகசியமாக இண்டூர் போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வருவார். இவருக்குத் தெரியும். அது கணக்கில் வராதாம்.

தங்கச்சி என் கடையில் நின்று அழவில்லை. எனக்குப் பிடித்துப்போனது அதனால்தான். கோபமாக இருந்தாள்.

"ஏங்க, எங்கண்ணன் ஞாயித்துக்கெழம ஆனா இங்கதான் கெடக்கறாராமே? எவனோ இல்லாத ராஜாவுக்கு மாமன், மச்சான்னு நியாயம் பேசறாராமே? எம் பொண்ணுக்கு மாமன் யாருன்னு ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க. வர்ற மாசம் கோயில்ல நாள் குறிச்சாச்சு. இந்தத் தடவ வரலைன்னா எங்க வூட்டுக்காரரோட அண்ணன் மடியில உக்கார வெச்சுக் குத்திடுவாங்க. அதுக்கப்புறம் இவரு வந்தா என்ன, வராட்டி என்ன? மாமன்னு சொல்லிக்க என்ன இருக்குது?"

ஞாயிற்றுக்கிழமை அவரிடம் சொன்னேன். பிளாஸ்க்கைத் திறந்தார். ஊற்றாமல் மறுபடி மூடினார்.

"கூப்புட்டாங்களா?"

"தங்கச்சி வந்து சொல்லிட்டுப் போச்சுணா."

"உன் கடைக்கு வந்து உங்கிட்டச் சொன்னா அது உன்னக் கூப்புட்ட மாதிரி. என் வாசலுக்கு எவன் வந்தான்?"

"பாப்பா காதுணா."

"காதுதானே, எங்கயும் ஓடிப்போவாது."

அன்றைக்கு அவர் வார்க்கெலில் சண்டைக்கே வரவில்லை. இடிந்த அரண்மனைக்குப் போய் அந்த ஓவியத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கீபோர்டை எடுத்து அடிக்கலாம் போல இருந்தது. அவரையும் அடிக்கலாம், கோர்பனையும் அடிக்கலாம்.

அப்போதுதான் சலீம், வேண்டுமென்றே சத்தமாக, ஒன்று கேட்டான்.

"ணா, ஒரு லோர் சந்தேகம். கோர்பனோட வூட்டு வாசலுக்கே ஆள் போயி, தட்டு வெச்சுக் கூப்புட்டிருந்தா அவன் போயிருப்பானா?"

"கட்டாயம் போயிருப்பான்."

"வடக்கு வாசல்?"

"பூட்டுனது பூட்டுனபடி இருந்திருக்கும்."

"அப்போ வார்க்கெல்ல வூட்டு வாசலுக்கு வந்து கூப்புட்டா அது செல்லும்?"

"செல்லாம? வூடு வூடுதானே."

சலீம் என் பக்கம் திரும்பி ஒற்றைப் புருவத்தை உயர்த்தினான். மெத்தைக் கடைக்காரன். ஆட்களைப் படுக்கவைப்பது அவன் தொழில்.

அடுத்த நாள் நான் இண்டூருக்கு வண்டியை எடுத்தேன். மாப்பிள்ளை டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தார். கால் மட்டும் தெரிந்தது. காலோடுதான் பேசினேன்.

"அவரு வூட்டு வாசப்படிய மிதிக்கமாட்டேன்னு சொன்னீங்களே, எந்த வூட்ட?"

"அதியமான்கோட்ட வூட்டத்தான். வேற எத?"

"வேற ஒரு வூடு இருக்குது. அங்க வந்து கூப்புடுங்க."

டிராக்டருக்கு அடியிலிருந்து மனிதர் வேகமாக வெளியே வந்தார். தலை இடித்துக்கொண்டது. சமையல்கட்டிலிருந்து தங்கச்சி கரண்டியோடு ஓடிவந்தாள்.

"என்னாது? எங்கண்ணனுக்கு இன்னொரு வூடா? எங்க? யாரு அவ?"

இரண்டு தலை நாய்தான் அங்கே இருக்கிறது என்று புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. கம்ப்யூட்டரில் இருக்கிற வீடு என்றதும் மாப்பிள்ளை சிரித்தார்.

"அது வூடே இல்லையேங்க."

"அதனாலதான் உங்க சபதத்துக்குப் பங்கம் இல்ல."

"அவரு ஒத்துக்குவாரா?"

"அவருக்கு அதுதாங்க வூடு."

ஒருவருக்கு அது வீடே இல்லை. இன்னொருவருக்கு அது வீடுதான். இதைவிட வசதியான வீடு தருமபுரி மாவட்டத்தில் யாருக்குக் கிடைக்கும்?

அந்த ஞாயிறு மாப்பிள்ளை வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்காரப்போகிற ஆளுக்கு எதற்கு வேட்டி என்று நான் கேட்கவில்லை. தங்கச்சி குழந்தையோடு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். குழந்தை காதில் ஒரு பக்கம் மட்டும் கம்மல் இருந்தது. இன்னொன்று வழியில் விழுந்துவிட்டதாம். இரண்டு பேரும் முகம் பார்க்கக்கூடாது என்பதற்காக சலீம் தன் கடையிலிருந்து ஒரு மெத்தையைக் கொண்டுவந்து இரண்டு கம்ப்யூட்டர்களுக்கும் நடுவில் நிமிர்த்தி வைத்து, முதுகால் முட்டுக் கொடுத்து நின்றான்.

அவர் பிளாஸ்க்கோடு வந்தார். வாசலில் டிராக்டர் நின்றதைப் பார்த்தார். உள்ளே மெத்தையைப் பார்த்தார். மெத்தைக்குக் கீழே தெரிந்த வேட்டியைப் பார்த்தார். திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். தன் நாற்காலியில் உட்கார்ந்து, வார்க்கெலில் தன் வீட்டுக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டார்.

மாப்பிள்ளைக்கு ஒரு வேஷம் போட்டுக் கொடுத்தேன். பையில் தட்டு, ஆப்பிள், வெற்றிலைக்குப் பதிலாகக் காயத்துக்குப் போடுகிற பச்சிலை. நடப்பதற்கு எந்தப் பொத்தான் என்று சொல்லிக்கொடுத்தேன்.

ஊர் எல்லையில் சுங்கக்காரன் ஒருவன் நின்றான். மாப்பிள்ளை மரியாதையான மனிதர்.

"ஏங்க, வணக்கம் வெக்க எத அமுக்கணும்?"

நான் சொல்வதற்குள் எதையோ அமுக்கிவிட்டார். அது வாள். சுங்கக்காரன் தலை உருண்டது. காவலர்கள் ஓடிவந்து மாப்பிள்ளையைக் குத்திக் கொன்றார்கள்.

மெத்தைக்கு அந்தப் பக்கம் ஓர் இருமல் கேட்டது.

மறுபடி புறப்பட்டார். இந்தத் தடவை யாரிடமும் வணக்கம் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு ஓடினார். காட்டில் ஓநாய்கள் பிடித்துக்கொண்டன. வாள் பொத்தானை அமுக்குங்கள் என்று நான் கத்துகிறேன். "இப்பத்தாங்க ஒருத்தன வெட்டுனேன், பாவம்," என்கிறார். தின்றுவிட்டன. குழந்தை, "அப்பா செத்துட்டாரு," என்று கைதட்டியது.

மறுபடி. காட்டைத் தாண்டினார். பனிமலை அடிவாரம். தூரத்தில் வீடு, புகைபோக்கி, புகை. மாப்பிள்ளை நின்றுவிட்டார்.

"ஏங்க, இதுல செருப்பு எங்க கழட்டறது?"

யாரும் அவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. நானும் சொல்லவில்லை, சலீமும் சொல்லவில்லை. மெத்தைக்கு அந்தப் பக்கம் பிளாஸ்க் மூடி மேஜைமேல் வைக்கப்படுகிற சத்தம் கேட்டது.

"இங்கயே கழட்டாதீங்க, பனி, செத்துருவீங்க. வாசலுக்குப் போயி," என்றேன்.

அதற்குள் கழற்றிவிட்டார். வெறுங்காலோடு, தட்டை ஏந்திக்கொண்டு பனியில் நடந்தார். உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற கோடு சரசரவென்று இறங்குகிறது. தங்கச்சி ஸ்டூலைவிட்டு எழுந்துவிட்டாள். "ஓடுங்க, ஓடுங்க" என்கிறாள். தட்டோடு ஓடக்கூடாது என்கிறார் மாப்பிள்ளை. எப்படியோ வாசப்படிக்கு வந்துவிட்டார். படியில் ஒரு கால் வைத்தார். இரண்டு தலை நாய், இரண்டு தலையாலும் கடித்தது. மாப்பிள்ளை படியிலேயே விழுந்து செத்தார். ஆப்பிள் பனியில் உருண்டது.

மெத்தைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. என்னிடம் சொல்கிற மாதிரி.

"நாயக் கொட்டகையில கட்டிட்டேன். மறுபடி வரச் சொல்லும்மா. பூட்ஸ வாசல்லயே கழட்டுனா போதும்னு சொல்லு."

மறுபடி வந்தார். ஓநாய்களுக்குப் பயந்து சுற்றிக்கொண்டு வந்தார். வாசலில் பூட்ஸைக் கழற்றினார். நாய் கொட்டகையில் குரைத்துக்கொண்டிருந்தது. கதவு திறந்தது. உள்ளே அவருடைய வேஷம், கவசம் எல்லாம் கழற்றிவிட்டு, வெறும் சட்டையில் நின்றது. மாப்பிள்ளை தட்டைக் கீழே வைத்தார். விளையாட்டில் எழுதித்தான் பேசமுடியும். அவருக்குத் தட்டச்சு தெரியாது. மெத்தையைப் பார்த்துக் கத்தினார்.

"மச்சான்! வர்ற ஞாயித்துக்கெழம கோயில்ல பாப்பாவுக்குக் காது குத்தறோம். குடும்பத்தோட வந்து மடியில வெச்சுக் குடுக்கணும்!"

மெத்தைக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது.

"வாசல்ல வெறுங்காலோட நிக்கறாரு. உள்ள வரச் சொல்லும்மா," என்றார். பிறகு, "செத்துச் செத்து வந்து கூப்புட்டிருக்கறாரு மாப்புள்ள. ராஜா வூட்டுல எவன்டா இப்படிக் கூப்புட்டான் கோர்பன?" என்றார்.

சலீமுக்கு முதுகு வலித்ததோ, வேண்டுமென்றே செய்தானோ தெரியாது. மெத்தையை விட்டுவிட்டான். அது இரண்டு பேர் மேலும் விழுந்தது.

அன்று மாலையே அவர் குழுவில் குரல்பதிவு போட்டார். வடக்கு வாசல் விவகாரம் செய்முறையில் நிரூபிக்கப்பட்டுவிட்டது, இனிமேல் மோதிரம், பேய் என்று எவரும் வாய் திறக்கவேண்டாம் என்று. சென்னைப் பையன், "இது எப்படி நிரூபணம் ப்" என்று எழுதி, விதிமுறை ஞாபகம் வந்து, "அண்ணா" என்று முடித்திருந்தான்.

காதுகுத்துக்கு நான் போனேன். சலீமும் வந்தான். இண்டூருக்கு வெளியே வேப்பமரத்தடிக் கோயில். அவர் பட்டு வேட்டி, தோளில் புதுத் துண்டு, கழுத்தில் முழங்கால்வரை மாலை. சீர்த்தட்டுகள் வரிசையாக வந்தன. மேளக்காரர்களை நிறுத்தி, போட்டோ எடுப்பவனிடம், "தூணு கீணு மறைக்குதான்னு பாத்துக்கப்பா," என்றார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார். ஆசாரி ஊசியை எடுத்ததும் குழந்தை வீறிட்டு, அவர் கையைக் கடித்தது. பல் பதிந்துவிட்டது. நான் அவர் முகத்தையே பார்த்தேன். கோவித்துக்கொள்ளவில்லை. அவர் கோவித்துக்கொள்ளாமல் விட்டதை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மாப்பிள்ளை தாம்பூலத் தட்டை முதலில் அவரிடம் கொண்டுவந்தார். மாப்பிள்ளையின் அண்ணன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அது வேறு கதை, அதற்கு வேறு ஆளைப் பிடித்துக்கொள்ளட்டும்.

பந்தியில் எனக்கும் சலீமுக்கும் இலை போட்டார்கள். சோறு விழுந்தது. அவர் பந்தி விசாரித்துக்கொண்டே வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார். முகம் மலர்ந்தது. பிறகு யோசனை வந்தது.

"வந்துட்டியாம்மா, சந்தோசம். ஆமா, உன்ன யாரு வந்து கூப்புட்டாங்க?"

நானும் அப்போதுதான் யோசித்தேன். தங்கச்சி வாட்ஸ்அப்பில் பத்திரிகையைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். கீழே இரண்டு கும்பிடு போடுகிற கை. அவ்வளவுதான். மாப்பிள்ளை கூப்பிடவில்லை. இவரும் கூப்பிடவில்லை. டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தவரின் காலோடு மல்லுக்கட்டியது நான். வாள் எது, நடை எது என்று சொல்லிக்கொடுத்தது நான். என் வாசலுக்கு ஒரு ஈ வரவில்லை.

"யாரும் கூப்புடலைணா."

"அடடா," என்றார் அவர். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "தப்பு. பெரிய தப்பு. நானா இருந்தா எந்திரிச்சுருவேன்."

எழுந்துவிட்டேன். சலீம், "யக்கா, கேசரி வருதுக்கா" என்று கையைப் பிடித்தான். உதறிவிட்டு வந்துவிட்டேன்.

பிறகு கம்பெனி அவரை அரூர்ப் பக்கம் மாற்றிவிட்டது. குடும்பத்தோடு போய்விட்டார். என் மேஜையில் பிளாஸ்க் வைத்த வட்டக் கறை இன்னும் இருக்கிறது. துடைத்தால் போகும், துடைக்கவில்லை. தங்கச்சி எப்போதாவது போன் பண்ணி, "ஒரு எட்டு வந்துட்டுப் போங்க, பாப்பா கேக்கறா" என்கிறாள். அவரும் அரூரிலிருந்து போன் பண்ணுவார். "நீ போவாத. போன்ல கூப்புட்டா அது கூப்புட்ட மாதிரி இல்ல" என்று எனக்குத் தெம்பு சொல்வார். பிறகு அவரே, "அரூருக்கு ஒரு நாள் வாம்மா" என்பார். அதையும் போனில்தான் சொல்கிறார்.

போகமாட்டேன். யாராக இருந்தாலும் வாசலுக்கு வந்து கூப்பிடட்டும். அதியமான்கோட்டைக்கு வர நேரமில்லை என்றால் பரவாயில்லை, வார்க்கெலில் எனக்கும் ஒரு வீடு இருக்கிறது. பனி இல்லாத பக்கமாகப் பார்த்துக் கட்டியிருக்கிறேன். நாய் வளர்க்கவில்லை.